ஒரு சாண் மண்

அவளுக்குக் கடப்பாரை என்று பேர் வைத்தவர்கள் குவாரி லாரி ஓட்டுநர்கள்தான். பயிருக்குள் சக்கரத்தை இறக்கிய லாரியின் முன்கண்ணாடியைக் கடப்பாரையால் நொறுக்கினாள். அன்று வாங்கிய அடியில் முன்பல் இரண்டு போனது. போனால் போகட்டும் என்று மறுநாளும் அதே கடப்பாரையோடு போய் நின்றாள். புருஷன் செத்து ஏழு வருஷம். சோறு போடுவது அந்த ஒரு வயல். அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு குவாரிக்கு ஜல்லி ரோடு போனால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

மேலே கொழுந்தன் வயல், கீழே அவள் வயல். ரோடு இரண்டின் வழியாகவும் போனது. குவாரியை மூடும்போது ஜல்லியைத் தோண்டி எடுத்து, பழையபடி மண் நிரப்பித் தர வேண்டும் என்பது பேச்சு. ஆனால் கொழுந்தன், "என் பக்கம் ரோடு அப்படியே கெடக்கட்டும், வண்டி வர வசதி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் முகத்தில் அவள் முழிக்கவில்லை.

குவாரி மூடியதும் அவள் பக்கத்து வேலையைக் குவாரிக்காரனின் மேஸ்திரி நாலே நாளில் முடித்தான். பார்த்தால் புது மண், கண்ணுக்கு லட்சணம். அவள் கடப்பாரையை ஓங்கிக் குத்தினாள். ஒரு சாண் இறங்கியது, அப்புறம் ணங். ஜல்லி கெட்டியாக அப்படியே கிடந்தது. நீளம் முழுக்கக் குத்திப் பார்த்தாள். மேஸ்திரி சிவப்புத் துணி கட்டி மூன்று குச்சிகள் நட்டிருந்த இடங்களில் மட்டும் கடப்பாரை இடுப்பளவு இறங்கியது. அடப்பாவி! நாளைக்கு அதிகாரி வந்து சோதிக்கப்போவது அந்த மூன்று இடத்தைத்தான். அவர் சரி என்று எழுதிவிட்டால் குவாரிக்காரன் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். அங்கே இனி புல்கூட வேர்விடாது.

பொழுது விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் குச்சிகளைப் பிடுங்கி, பத்தடி தள்ளி நட்டாள்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட வந்த ஆள் முதல் குச்சியருகே கம்பியை இறக்கினான். ணங். இரண்டாவதிலும் ணங். மூன்றாவதில் கம்பியின் முனையே மழுங்கிவிட்டது.

"என்னய்யா இது?" என்றார் அதிகாரி.

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினான். "குச்சிய மாத்தி நட்டது நீதானடி?"

"குச்சி எங்க இருந்தா உனக்கென்ன? நெலம் பூரா ஒரே ஆழம்னுதானே சொன்னே?"

அதிகாரிக்கு விளங்கிவிட்டது. தான் உளறிக்கொட்டியது மேஸ்திரிக்கும் விளங்கியது. பளாரென்று அறைந்தான். விழுந்தவளை விலாவில் மிதித்தான், ஒருமுறை இல்லை, மூன்று முறை. அதிகாரி ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார், மகராசன்! அவள் வாயெல்லாம் ரத்தமும் மண்ணுமாக எழுந்தாள். கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கினாள். குறி மேஸ்திரியின் மண்டை.

"அண்ணி, வேணாம்!"

மேல் வயலிலிருந்து ஓடிவந்த கொழுந்தன் இடையில் பாய்ந்து வலது கையை நீட்டினான். எலும்பு முறிந்த சத்தம் ஜீப்புக்குள்ளும் கேட்டிருக்கும். முழங்கைக்குக் கீழே தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"அவனுக்கு வக்காலத்தா? கையெழுத்துப் போட்ட கைதானே, நல்லா வேணும்!" என்று கத்தினாள். அவன் வலியில் சுருண்டு கிடந்தான்.

மேஸ்திரி புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் குச்சிக் கதை வெளியே வரும். கொழுந்தனும் ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்ததாகவே சொல்லிவிட்டான். அதிகாரி வேலை சரியில்லை என்று எழுதியதால் குவாரிக்காரனின் தோண்டும் இயந்திரம் திரும்ப வந்து, ஆறு நாள் அவள் வயலில் ஜல்லியை வாரி மண் நிரப்பியது.

மழை வந்தது. அவள் வயல் ஆசைதீரக் குடித்தது. மேலே, மேடாக நின்ற ரோட்டில் தடுத்துக்கொண்டு கொழுந்தன் வயல் குளமாகிவிட்டது. ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"கடப்பாரை குடுங்கக்கா. ரோட்டை வெட்டித் தண்ணிய விடணும், பயிர் அழுகுது. அவரால இனிமே கனமா எதையும் தூக்க முடியாதாம்."

"மேஸ்திரிய காப்பாத்தப் போன கைதானே?"

"அவன் எக்கேடு கெட்டா எங்களுக்கென்ன? மண்டை உடைஞ்சு செத்திருந்தா அண்ணி ஜெயில்ல கெடந்து சாவாங்களேன்னுதான் குறுக்க விழுந்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு."

அவள் கடப்பாரையை ஓரகத்தியிடம் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

கொழுந்தன் கட்டுப் போட்ட கையோடு ரோட்டில் நின்றான்.

"தள்ளி நில்லுடா, கல்லு தெறிக்கும்" என்றாள். அழுகையோடு ஓங்கிக் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் ஜல்லி உடையும் சத்தம், அன்றைக்கு அந்தக் கை உடைந்த சத்தமாகவே அவள் காதில் விழுந்தது. தண்ணீர் வடியும்வரை அவள் நிறுத்தவில்லை.