மூன்று வாய் கொண்ட நைட்டிக் கடை

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு நடந்தது இது. ஓசூர் மத்திகிரியில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. பக்கத்து வீட்டு அக்காவும் அவர் கணவரும் வாரச்சந்தைகளில் நைட்டி விற்பவர்கள். கணவரை எல்லோரும் பாய் என்போம். அக்கா ஒரே மூச்சில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கூவுவார். சந்தை இல்லாத நாளிலும் அந்தக் குரல் தெருமுனை வரை கேட்கும்.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. தொண்டையில் வளர்ந்திருந்த சின்னக் கட்டியை எடுத்துவிட்டு, இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் பழைய குரல் திரும்பாமலே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் குந்தாரப்பள்ளியில் தீபாவளிச் சந்தை. அவர்களுக்கு ஆண்டிலேயே பெரிய விற்பனை அதுதான். போகாமல் இருக்க முடியாது. போனால் அக்காவால் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது.

“எனக்குக் கூவ வராது பாப்பா. இத்தனை வருசமா மடிச்சு வெக்கறதுதான் என் வேலை” என்றார் பாய். “நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியே, இவளுக்குப் பதிலா பேசற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியாதா?”

என்னிடம் ஒரு கோப்புறை உண்டு. வேலையில் அடிக்கடி கைகொடுக்கும் நிரல் துண்டுகளை அதில் வகை பிரித்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். படத்தைச் சுருக்க ஒன்று, தேதியைத் தமிழில் காட்ட ஒன்று என்று நிறைய. பிரவுசரே எழுத்தைப் படித்துக் காட்டும்படி செய்ய ஒரு சின்னத் துண்டும் இருந்தது. விலை, அளவு, நிறம் என்று பட்டன்கள் வைத்து, அன்று மாலையே அக்காவின் போனில் திறந்து காட்டினேன். தமிழ் வந்தது. கன்னடமும் தெலுங்கும் வரவே இல்லை. அந்தப் பழைய போனில் அவற்றுக்கான குரல்கள் இல்லை.

அக்கா தொண்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக் குலுங்கினார். பிறகு என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: “ரயில் லேட்டுன்னு சொல்ற குரல் இது. இதுக்கு யாரு நைட்டி வாங்குவா?”

அதோடு விடவில்லை. நான் மரியாதையாக எழுதிய வாக்கியங்களை எல்லாம் தள்ளிவிட்டுத் தன்னுடையதை அனுப்பினார். “தொட்டுப் பாருங்க, தொவைச்சுப் பாருங்க, சாயம் போனா என்னைத் திட்டுங்க.” அடுத்தது, “சுத்திட்டு வாங்க, கடைசியில இங்கதான் வருவீங்க.” இது கொஞ்சம் திமிராக இருக்கிறதே அக்கா என்றேன். அதுதான் முக்கியம் என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்தினார்.

எனவே அக்காவின் வாக்கியங்களை நிஜக் குரல்களிலேயே பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் மொழிக்கு ஒரு பட்டன் வைத்தோம். கன்னடத்துக்கு வீட்டு ஓனர் அம்மா. தெலுங்குக்கு எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மனைவி. தமிழுக்கு நான். ஆபீஸ் மீட்டிங்கிலேயே ‘கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்’ என்று மற்றவர்கள் சொல்லும்படி பேசுகிற ஆள் நான். அக்கா எதிரில் நின்று இரண்டு கைகளையும் மேலே மேலே தூக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் அலறிய அலறலில் மாடியில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. “இந்தப் பொண்ணுக்குள்ள இவ்ளோ சத்தம் இருந்துச்சா!” என்றார் ஓனர் அம்மா.

சந்தையில் சிக்னல் படுத்துவிடும் என்பதால், குரல்கள் போனுக்குள்ளேயே தங்கிவிடும்படி செய்தேன். அதற்கும் கோப்புறையில் துண்டு இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் லேப்டாப்போடு வேனில் ஏறினேன். தார்ப்பாய் விரித்து, கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டி, காலை வியாபாரம் நன்றாகவே போனது. மதியம் பாய் தொழுகைக்குக் கிளம்பிய நேரம் பார்த்துக் கூட்டம் மொய்த்தது. “எஷ்டு அக்கா?” என்று ஒருவர் கன்னடத்தில் விலை கேட்க, இன்னொருவர் தெலுங்கில் கேட்க, அக்கா பரபரவென்று பட்டன்களை அழுத்தினார். மூன்று குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. தெருக் குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. வேடிக்கை பார்க்க இன்னும் பேர் கூடினார்கள்.

பக்கத்துப் பிளாஸ்டிக் குடக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, வாயை மூடிக்கச் சொன்னா மூணு வாய் வாங்கிட்டு வந்துட்டியா?”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. புதுக்குரல் தொடங்கும்முன் பழைய குரலை நிறுத்தும் சின்ன வரியை எழுத மறந்திருந்தேன். துணி மூட்டைமேல் உட்கார்ந்து அங்கேயே சரிசெய்து கொடுத்தேன். இப்போது ஒரு நேரத்தில் ஒரு குரல், ஒழுங்காக. அக்கா இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். உப்பில்லாத குழம்பைச் சுவைத்தவர் போல் முகம் சுளித்தார். திரும்பிப் போக ஆரம்பித்த கூட்டத்தைக் காட்டி, பழையபடி மாற்று என்று கையை ஆட்டினார். மனசே இல்லாமல் மாற்றினேன்.

சற்று நேரத்தில் ஒரு அம்மா வந்து, நைட்டிகளைக் கலைத்துப் போட்டு, பாதி விலைக்குக் கேட்டார். அக்கா தலையை ஆட்டியதும், “ரெண்டு தண்ணிக்குத் தாங்காது இந்தச் சாயம், இதுக்கு இவ்ளோ பேச்சா!” என்று தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார்.

அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. அந்த நொடியில் எனக்கு யோசிக்க நேரமில்லை. அவர் மடியிலிருந்த போனைப் பிடுங்கி, “சுத்திட்டு வாங்க” பட்டன்கள் மூன்றையும் சேர்த்து அமுக்கினேன். கன்னடமும் தெலுங்கும் என் அலறலும் ஒரே நேரத்தில் கம்பத்திலிருந்து பாய்ந்தன.

அந்த அம்மா திடுக்கிட்டு மேலே பார்த்தார். எங்கிருந்து சத்தம் வந்தது என்று புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. “யப்பா, உங்க போனுக்கு இருக்கற வாய் இருக்கே!” என்று மறுபடி உட்கார்ந்து, சொன்ன விலைக்கே இரண்டு எடுத்தார். அக்கா திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரக் குலுங்கினார். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பாய் திரும்பி வந்தபோது தார்ப்பாயில் பாதி காலியாகியிருந்தது.

இரண்டு வாரம் முடிந்து, இனிப் பேசலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அக்கா நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தார். குரல் மெலிதாக, ஆனால் அவருடையதாகவே இருந்தது. “பாப்பா, போன்ல இருக்கறதை அழிச்சுடாத. இனிமே நான் டீ குடிக்கற நேரத்துக்கு அது கூவட்டும்.”

பிழையில்லாமல் ஓடினால் வேலை முடிந்தது என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போதெல்லாம் எழுதிய பக்கத்தை அதைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்து, அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் முடிந்தது என்று சொல்கிறேன்.