நகல் போன இடம்

எந்தப் பழைய அரசுக் கடிதத்தை எடுத்தாலும் டெய்லர் அக்கா முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பார். விஷயம் என்ன, எழுதியது யார் என்பதெல்லாம் பிறகு. அடியில் பொடி எழுத்தில் 'நகல்' என்று போட்டு, எந்தெந்த அலுவலகத்துக்குப் போனது என்ற பட்டியல் இருக்கும் அல்லவா, அதை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

அரசு ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் எனக்கு எதிர் நாற்காலி அவருக்கு. தையல் கடை வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்று காப்பகக் கதவு திறக்கும்போதே வந்து நிற்பார். டெய்லர் அக்கா என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். பென்சிலைக் காதில் செருகியிருப்பார். அவர் திருப்பிக் கட்டிக் கொடுக்கும் கோப்புக் கட்டு, வந்தபோது இருந்ததைவிட ஒழுங்காக இருக்கும்.

"என்ன சார், மேலேருந்து படிக்கிறீங்க?" என்று ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "மேல அவங்க சொல்ல நெனச்சது இருக்கும். கீழதான் யாருக்கெல்லாம் தெரியும்ங்கிறது இருக்கும்." ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஏழு வருடமாக அங்கே பெஞ்சு தேய்க்கும் எனக்கு இதை ஒரு பேராசிரியரும் சொல்லித் தந்ததில்லை.

அவர் அப்பா அணைக்கட்டில் மதகு திறப்பவராக இருந்தவர். நாற்பது வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், முன்னறிவிப்பு இல்லாமல் திறந்த தண்ணீரில் ஒன்பது உயிர் போனது. உத்தரவு ஏதும் இல்லை, அவராகவே திறந்தார் என்று விசாரணையில் எழுதி வேலையை விட்டு அனுப்பினார்கள். "உத்தரவு வந்துச்சுன்னுதான் அப்பா சொன்னாரு. அம்மாவே முழுசா நம்பல, சார்." அப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது.

அணைக்கட்டுக் கோப்பில் அந்த நாளின் நான்கு பக்கங்கள் இல்லை. நானாக இருந்தால் தலையில் கைவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அக்கா மற்ற நாட்களின் உத்தரவுகளை எடுத்து அடியைப் பார்த்தார். ஆற்றில் ரயில் பாலம் இருப்பதால், மதகு உத்தரவு ஒவ்வொன்றிலும் ரயில்வேக்கு ஒரு நகல் போயிருந்தது. "இங்க கிழிச்சவனுக்கு அங்க போய்க் கிழிக்கத் தோணியிருக்காது." அவ்வளவுதான். ரயில்வேயிலிருந்து இதே காப்பகத்துக்கு வந்து சேர்ந்து, ஆணி வாங்கியது, வர்ணம் அடித்தது என்று தேதி வரிசையே இல்லாமல் கிடந்த பாலப் பராமரிப்புக் கட்டுகளை, நாலு வருடச் செவ்வாய்க்கிழமைகளில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு பொறுமையை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு மலைப்பாக இருக்கும்.

போன செவ்வாய் கிடைத்தேவிட்டது. பொறியாளர் கையெழுத்துடன் அந்த நாளின் உத்தரவு நகல், ஒரே தாள். அக்கா எழுந்து போய்க் கையைக் கழுவி வந்து இன்னொரு முறை படித்தார். பிறகு வாசிப்பு அறைக் கண்காணிப்பாளரிடம் தாளைக் காட்டி, அப்பாவிடம் பேச வேண்டும் என்றார். யாராவது இருமினாலே முறைக்கும் அந்த மனிதர், தம் மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார்.

"அப்பா, கேக்குதா? படிக்கிறேன். 'மாலை ஆறு பத்து. எல்லா மதகுகளையும் உடனே திறக்கவும்.'"

அப்பாவுக்குக் காது மந்தம். அக்கா குரலை உயர்த்த, அறையே நிமிர்ந்து பார்த்தது. "ஆமாப்பா, ஆறு பத்துதான். நீங்க சொன்ன அதே நேரம்." தொலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டார். "சரியா விழலையா? திரும்பப் படிக்கட்டுமா?"

கண்காணிப்பாளர் எழுந்து போய், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார்.