சொல்லாமல் விட்ட பக்கம்

காலையில் அக்காவின் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அமெரிக்காவில், தென் கரோலைனாவில் வேலை பார்க்கிறான். மணல், சேறு, கரையில் கட்டியிருந்த சின்னத் தோணி. எங்கட ஓலைத்தொடுவாய்க் கடற்கரை மாதிரி இல்லையோ மாமா என்று கேட்டிருந்தான். அவனுக்கென்ன தெரியும்! தென் கரோலைனா என்ற பெயரைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இருபத்துமூன்று வயதில் நறுவிலிக்குளத்தில், சண்டைக்குத் தப்பி ஓடி, இந்திய அகதி முகாம்களில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தேன். சம்பளமில்லாத வாத்தியார்; வாத்தியார் என்ற எடுப்புக்கு மட்டும் குறைவில்லை. பாடத்தில் இல்லாததையெல்லாம் அளப்பேன். ஒருநாள், பள்ளி நூலகத்துப் புத்தகமொன்றில் வாசித்த தென் கரோலைனாவை எடுத்தேன். அங்கே உள்நாட்டுச் சண்டை முடிகிற நேரம் ஒரு தளபதி, அடிமைகளாயிருந்த சனத்துக்குக் கடலோரக் காணிகளைப் பிரித்துக் கொடுத்த கதை. கடதாசியும் கொடுத்தார்கள், சனமும் உழுது விதைத்தது என்று சொல்லும்போதே மணி அடித்துவிட்டது.

மகளைக் கூட்டிப்போக வெளியே நின்ற வேலாயுதம் அண்ணை முழுவதையும் கேட்டிருக்கிறார். அவருடைய சிக்கல் ஊருக்கே தெரியும். தகப்பன் வழி வந்த வயல், அவர்கள் முகாமிலிருந்த வருடங்களில் பற்றைக்காடாய்ப் போயிருந்தது. அதற்கு அரசாங்கக் கந்தோரில் ஒரு தற்காலிகக் கடிதம்தான் கொடுத்திருந்தார்கள். அது வேண்டாமென்றால் வேறிடத்தில் உறுதிப் பத்திரத்தோடு மாற்றுக்காணி தருவார்கள். அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்கவேண்டும்.

"தம்பி, அந்தச் சனத்திட்ட காணியைப் பேந்து ஆரும் பறிச்சவையோ?"

பறித்தார்கள். அடுத்து வந்த ஜனாதிபதி பழைய முதலாளிமாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லை அண்ணை, கடதாசி இருந்தால் ஆர் பறிக்கிறது?" என்றேன். பெரிய உபகாரம் செய்த நினைப்போடு சைக்கிளில் வீட்டுக்குப் போனேன், மடையன்.

அவர் கையிலிருந்த கடிதத்தை நம்பி, மாற்றுக்காணிக்குக் கையெழுத்து வைக்கவில்லை. பற்றையை வெட்டினார், கிளுவைத் தடிகளைக் கதியாலாய் நட்டு வேலி அடைத்தார், மாரி மழைக் காலபோகத்துக்கு நெல் விதைத்தும் விட்டார். வெட்டின கிளுவையின் பச்சை மணம் இப்போது வந்தாலும் எழும்பிப்போய் யன்னலைச் சாத்திவிடுவேன். கதிர் முற்றுமுன்னரே வன இலாகாக்காரர் வந்து, அது அரசாங்கக் காடு, உள்ளே போகக்கூடாது என்று பலகை நட்டுவிட்டார்கள். மாற்றுக்காணி அதற்குள் வேறு ஆருக்கோ போய்விட்டது.

என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே திரிந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், அவர் அதில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார்.

"என்ர பிள்ளை உங்கட அந்தப் புத்தகத்தை வாசிச்சவள், தம்பி. அந்தச் சனம் பேந்து எங்க போனதெண்டு அதில இல்லையாம். உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

அந்த மாதமே குடும்பத்தோடு இந்திய முகாமுக்கே திரும்பப் படகேறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கரோலைனாச் சனத்தைப் பற்றிப் பிறகு தேடி வாசித்தேன். கனபேர் அதே வயல்களில் முதலாளிமாருக்கு வேலை செய்து காலம் கழித்தார்களாம். வேலாயுதம் அண்ணை வீட்டாரைப் பற்றிப் போன வருடமும் நறுவிலிக்குளத்தில் விசாரித்தேன். அப்படி ஒரு குடும்பம் அங்கே இருந்ததென்று சொல்லக்கூட ஆளில்லை.