சக்கர நாற்காலியில் நான், நெஞ்சு வலி அவளுக்கு

போன வருடம், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் இது ஆரம்பித்தது. மாலையில் ஒரு மருத்துவமனைத் தொடர் வரும். நான் அதன் தீவிர பக்தன். அதில் வரும் டாக்டர் தம்பதி அறுவை சிகிச்சை செய்துகொண்டே சண்டை போடுவார்கள், சமாதானமும் ஆவார்கள். பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்த என் மனைவி, அடுப்படியிலிருந்தே கிண்டல் செய்வாள்.

"எந்த ஆஸ்பத்திரிலங்க டாக்டருங்களுக்குச் சண்டை போட நேரம் இருக்கு?"

அன்றைக்குத் தொடரில் ஒரு பணக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உருண்டார். அதே நேரத்தில் என் மனைவி வந்து, தாடை வலிக்கிறது, கை கனக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள்.

"பல்லா இருக்கும். விரதம் வேற. ஹார்ட்டுன்னா இப்படிப் பிடிப்பாங்க, பாரு" என்று எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். பணக்காரரைவிட நன்றாகவே செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சமையலறைத் தரையில் மெதுவாக உட்கார்ந்தாள். என் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருப்பது அவள் வழக்கம்தான். தரையில் உட்காருவது வழக்கமில்லை. கார் சாவியை வீடு முழுக்கத் தேடினேன். அது என் கையில் இருப்பதை அவள்தான் சொன்னாள். வழியிலும், "ஏங்க, சிவப்பு விளக்கு, நில்லுங்க" என்று அவள்தான் ஓட்டினாள். ஸ்டியரிங் மட்டும் என்னிடம் இருந்தது.

அவசரப் பிரிவு வாசலில் நான் இறங்கிய கோலத்தைப் பார்த்த மலாய்க்கார ஊழியர், "டுடோக், பாக்சிக், டுடோக்" என்று மலாயில் உட்காரச் சொல்லி, என்னைப் பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். நானும் உட்கார்ந்துவிட்டேன். மனைவி என் பின்னால் கைப்பையோடு நின்றாள்.

தமிழ் நர்ஸ் ஒருவர் வந்தார். "அங்கிள், நெஞ்சு வலியா?"

எனக்கில்லை, அவளுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமா" மட்டும்தான் வந்தது.

"அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, பயந்துட்டாரு" என்றாள் மனைவி. "எனக்கு ஒன்னும் இல்லலா, விரதக் களைப்பு."

நர்ஸ் என்னை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "ஆன்டி, ஏர்கான்ல நிக்கிறீங்க, ஏன் இப்படி வேர்க்குது? வேற எங்கயாச்சும் வலிக்குதா?"

"தாடைதான்மா."

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "அங்கிள், எந்திரிங்க."

எழுந்தேன். அதே நாற்காலியில் அவளை உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

கதவு இடுக்கில் பார்த்தேன். தொடரில் வருகிற இசை இல்லை, ஓட்டம் இல்லை. இளம் டாக்டர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்; வேண்டியதை நர்ஸ் அந்தக் கையில் வைத்தார். இருவரும் நண்பர்களா, ஆகாதவர்களா, கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை ஒரு முறைகூடக் காத்திருக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு டாக்டர் வெளியே வந்தார். தொடர் டாக்டர்போல் கண்ணாடியைக் கழற்றவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார்: "ஹார்ட் அட்டாக், அங்கிள். ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. உடனே திறக்கணும்."

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேடினால், உட்கார, அவளை உள்ளே இறக்கிவிட்டு வெளியே கொண்டுவந்து விட்டிருந்த அந்தச் சக்கர நாற்காலிதான் இருந்தது. உட்கார்ந்தேன். ஊழியர் எட்டிப் பார்த்து, மலாயில், "மறுபடியும் நீங்களா?" என்றார்.

அடைப்பைத் திறந்தார்கள். அவள் பிழைத்தாள். கண் விழித்ததும் கேட்டது, "சாப்பிட்டீங்களா?"

அந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் பத்துமலைக்குப் போய், படியேறாமல் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

தொடர் இன்னும் ஓடுகிறது. யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், "இவருக்கு வெறும் வாயுலா" என்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அவள் "ஒன்னும் இல்லலா" என்று சொல்லும்போது மட்டும், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன். வீட்டில் நடிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும் இல்லை என்பதை அந்த நாற்காலி எனக்குச் சொல்லிவிட்டது.