செம்புப் பூச்சு

பெட்டியைப் பிரித்ததும் கூலரைத் தலைகீழாகத் திருப்பி அதன் அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டுகிறாள் செம்மொழி. மேடு பள்ளம் தட்டினால் முகம் சுருங்குகிறது. பிறகு தகடுகளை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்கிறாள். ஆடினால் அன்றைக்கு அதைச் செய்தவன் தொலைந்தான். "சாமானா பண்ணிருக்கான் இவன்? வேஷம் போட்டுல்ல அனுப்பிருக்கான்" என்று, கடல் தாண்டி எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்காரன் மேஜைக்கு எதிரில் கைகட்டி நிற்பதுபோல் திட்டுவாள்.

கூலர் என்றதும் கூடத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கம்ப்யூட்டருக்குள் பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியே தள்ளும் சாமான். அடியில் ஓர் உலோகக் கட்டை, அதிலிருந்து மேலே ஏறும் செம்புக் குழாய்கள், குழாய்களில் கோத்த அலுமினியத் தகடுகள், பக்கத்தில் ஒரு காற்றாடி. கட்டை வாங்கும் சூட்டைக் குழாய் மேலே தகடுகளுக்குக் கொண்டுபோக, காற்றாடி ஊதித் தள்ள வேண்டும். இதில் ஒன்று ஏமாற்றினாலும் மெஷின் பாதி வேலையில் கண்ணை மூடிக்கொள்ளும்.

மன்னார்குடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது 'குணா கம்ப்யூட்டர்ஸ்'. முன்பக்கம் கண்ணாடி மேஜை, சுழலும் நாற்காலி, நாற்காலியில் அவள் கணவன் குணசேகரன். பின்பக்கம் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்குப் பின்னால் செம்மொழி. பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே வகுப்பு. யாருக்கு மார்க் அதிகம் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. விற்பது அவன், மெஷினைக் கோத்துப் பூட்டுவது அவள். வருகிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்து "சார் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "வருவாரு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட ஸ்குரூவைத் தேவைக்கு மேலேயே முடுக்குவாள்.

யார் வீட்டுக்குப் போகிற மெஷின் என்று கேட்டுத்தான் கூலரைத் தேர்ந்தெடுப்பாள். அரிசி ஆலைக்கு என்றால் தகடுகள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருங்கியிருந்தால் தவிட்டுத் தூசி அப்பிக்கொள்ளும். கடற்கரைக்கு முலாம் போட்டது. மொட்டை அலுமினியத்தை உப்புக் காற்று தின்றுவிடும். ஆயுத பூஜை கழிந்து வரும் மெஷின்களுக்குத்தான் அவளிடம் மருந்தில்லை. ஆலைக்கார வைத்தியலிங்கம் வருஷம் தவறாமல் மூடியைக் கழற்றிக் காற்றாடிக்கே சந்தனம் குங்குமம் வைக்கிற பக்தர். "மூடிக்கு மேல வைங்கய்யா, சாமி கோவிச்சுக்காது" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டாள். பழைய பல் பிரஷ்ஷால் குங்குமம் சுரண்டுவதும் அவள் தொழிலில் சேர்ந்துவிட்டது.

போன தை மாதம் குணசேகரன் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையக் கூலர்கள் இறக்கினான். சுவிட்சைப் போட்டால் வானவில் மாதிரி எரியும். செம்மொழி வழக்கம்போல நகத்தை ஓட்டினாள்; குழாயில் செம்பு உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. கம்பி ரம்பத்தை எடுத்துக் குறுக்கே அறுத்தாள். நல்ல குழாய் உள்ளே பொந்தாக இருக்கும்; அதற்குள் துளி நீர் ஆவியாகி ஏறித்தான் சூட்டைச் சுமக்கும். இதில் பொந்தே இல்லை. வெறும் அலுமினியக் கம்பி, மேலே செம்பு நிறத்தில் ஒரு பூச்சு.

"ஏங்க, இதுல குழாயே இல்லங்க. பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான்."

"மெஷின் பக்கக் கண்ணாடி வழியா பாக்குறவன் அறுத்தா பாக்கப்போறான்? லைட் எரியுதுல்ல?"

"நான் பூட்ட மாட்டேன்."

"நீ பூட்டாத. எனக்கு வித்தா போதும்" என்றான் குணசேகரன்.

அதிராம்பட்டினத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சித்தீக் அந்த மாதம்தான் வந்தார். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற மெஷின் வேண்டும். நாள் முழுக்க அடுப்பு மாதிரி கொதிக்கிற வேலை அது. குணசேகரனின் வர்ணனையை எல்லாம் கேட்டுவிட்டு, தடுப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். "தங்கச்சி, நீ சொல்லு. நடுவுல நின்னுடாதே?" அந்தக் கடையில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "நிக்காது பாய். நான் பொறுப்பு" என்றாள். அந்தக் கடையில் செம்மொழிக்கென்று சொந்தமாக ஏதாவது இருந்தது என்றால் இந்த ஒரு சொல்தான். சாம்பல் நிறத்தில், கனமாக, விளக்கும் மினுக்கும் இல்லாத நல்ல கூலர் ஒன்றைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது மெஷின் போயிருந்தது.

பங்குனியில் சித்தீக் அந்த மெஷினை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். முன்பக்கம் அவர் பேசுவது தடுப்புக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது.

"நிக்காஹ் வீடியோ தம்பி. பாதி வேல முடியுறதுக்குள்ள படக்குன்னு அணைஞ்சிருது. மாப்ள ஞாயித்துக்கிழம துபாய் ஏறுறாரு. என் ஸ்டூடியோ பேரே கெட்டுப்போச்சு. உன்னய சொல்லல. உள்ள இருக்குற தங்கச்சி பொறுப்புன்னு சொல்லிச்சு, அத நம்பித்தான் எடுத்துட்டுப் போனேன்."

குணசேகரன் கொஞ்சமும் அசரவில்லை. "சொல்லி வைக்கிறேன் பாய். பொம்பளைல்ல, கை இங்க இருக்கும், நெனப்பு அடுப்புல இருக்கும்."

செம்மொழி கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் வேலையைத் தெரிந்தவன், வகுப்பில் அவள் நோட்டைப் பார்த்து எழுதியவன், சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

முன்பக்கம் வந்தாள். மெஷினைக் கண்ணாடி மேஜை மேலேயே வைத்துப் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, சுவிட்சைப் போட்டாள். உள்ளே வானவில் எரிந்தது. அவள் பூட்டிய சாம்பல் கூலர் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிச் சரக்கு உட்கார்ந்திருந்தது. அவள் சாப்பிடப் போன நேரத்தில் நடந்திருக்கிறது. கண்ணாடி வழியே பார்த்தால் பளபளவென்று இருக்க வேண்டுமே! குணசேகரன் திடீரென்று செல்போனில் எதையோ தேடத் தொடங்கினான்.

"வீடியோவ ஓட விடுங்க பாய்" என்றாள். காற்றாடி இரையத் தொடங்கியது. சற்று நேரம் விட்டு, "மேல தகட்டைத் தொட்டுப் பாருங்க."

சித்தீக் தொட்டார். "ஜில்லுன்னு இருக்கே தங்கச்சி!"

"சூடு மேல ஏறவே இல்ல பாய், எல்லாம் அடியிலயே நிக்குது. ஏங்க, இங்க வாங்க."

"என்ன?" என்று தலை நிமிராமலே கேட்டான் அவன். செம்மொழி மேஜையைச் சுற்றிப் போய் அவன் வலது கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஆள்காட்டி விரலைத் தனியே நிமிர்த்தி, காற்றாடி இல்லாத பக்கமாக உள்ளே கொண்டுபோய், பிராசஸர் மேல் உட்கார்ந்திருந்த அந்த அடிக்கட்டையில் வைத்து அழுத்தினாள். அவன் அலறிக்கொண்டு கையை இழுக்கப் பார்த்தான்.

"இத யாரு மாத்துனதுன்னு பாய்கிட்ட சொல்லுங்க" என்றாள். விரலை விடவில்லை.