மாட்டை எண்ணாத அம்மாசி

“சாலம்மா வூடு.” செவலைப் பசுவும் அதன் கன்றும் மந்தையிலிருந்து பிரிந்து இடப்புறச் சந்துக்குள் நுழைகின்றன. “டேங்கு பக்கத்து வூடு.” மூளிக்கொம்பு எருது ஒன்று அவசரமே இல்லாமல் அசைந்து செல்கிறது. “கவியரசன் வூடு.” இரண்டு கிடேரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடுகின்றன. தெருமுனையில் நிற்கும் அம்மாசி, மூங்கில் கோலை வாசல் வாசலாக நீட்டிக் கூப்பிடுகிறார். முறை வருமுன் ஒரு மாடு முந்திக்கொண்டால், கோலைக் குறுக்கே பிடித்து, “உன்ன இப்ப யாரு கூப்புட்டா?” என்று கேட்டு நிறுத்திவிடுகிறார்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சிற்றூரின் மாடுகளெல்லாம் ஒரே மந்தையாகத்தான் மேயப் போகின்றன. ஊருக்கு ஒரு மந்தை, மந்தைக்கு ஓர் அம்மாசி. அறுபதைத் தாண்டியவர், நடையில் அது தெரிவதில்லை. சட்டைக் காலரின் பின்புறம் ஒரு குடை எப்போதும் தொங்கும். மழைக்கு அதை அவர் விரித்து யாரும் பார்த்ததில்லை. வழிமாறும் மாட்டின் முகத்துக்கு நேரே படாரென்று விரித்துத் திருப்பத்தான் குடை. மந்தையில் எத்தனை உருப்படி என்று வெளியூரார் கேட்டால் அவருக்குச் சலிப்பு வரும். “எத்தினின்னு இன்னாத்துக்கு? எந்த வூடு வரலன்னு தெரிஞ்சா போதாதா?”

ஊர் அவருக்கு முறைச்சோறு போடுகிறது. நாளுக்கு ஒரு வீடு. மாலையில் வீடுகளைக் கூப்பிடும் அதே வரிசையில்தான் சோறும் வரும். சாமைச் சோறு குழைந்துவிட்டால், மேய்ச்சலில் அந்த வீட்டு மாட்டைத் தேடிப்போய் முறையிடுவார். “உங்க வூட்டம்மாகிட்ட சொல்லு, இன்னிக்கி தண்ணி ஜாஸ்தின்னு.” மாடு சொல்லுமோ சொல்லாதோ, அருகில் விறகு பொறுக்கும் பெண்கள் மறக்காமல் சொல்லிவிடுவார்கள்.

மேய்ச்சல் நிலம் ஓர் ஓடையில் முடிகிறது. ஓடைக்கு அப்பால் காப்புக்காடு. தேன் எடுக்கவோ கடுக்காய் பொறுக்கவோ அக்கரைக்குப் போக நேர்ந்தால், செருப்பை இக்கரையிலேயே கழற்றிவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பார். “அது அவங்க வூடு.” அவங்க என்பது காட்டுமாடுகள். ஓடையோரத் தட்டைப் பாறையில், கச்சிராயபாளையம் ஜாபர் பாய் கடையிலிருந்து வாங்கி வரும் கல்லுப்பைப் பரப்பி வைப்பார். ஊர்மாடுகள் நக்கிப் போன மிச்சத்தைப் பொழுது சாய்ந்தபின் காட்டுமாடுகள் வந்து நக்கும். மாலை வரிசையில், ஊர் வீடுகள் எல்லாம் தீர்ந்த பிறகு, மலைப்பக்கம் திரும்பி அவர் இன்னொரு பெயரும் சொல்வதுண்டு: “காட்டு வூடு.” அதற்கு எந்த மாடும் வராது. கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இந்தக் கோடையில் பாப்பாத்தி வீட்டுக் கறவைப் பசு காலையில் எழுந்திருக்க முரண்டு பிடித்தது. வாயிலிருந்து எச்சில் நூலாய் இறங்கியது. கால்நடை ஆய்வாளர் கோகிலவாணி வந்து, நாக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். குளம்பின் பிளவையும் பார்த்தார். ஊரில் தடுப்பூசி போட்ட நாளில், பால் வற்றிவிடும் என்று பயந்து பாப்பாத்தி இந்தப் பசுவைக் கரும்புக்காட்டுப் பக்கம் ஓட்டி மறைத்திருந்தாள்.

“கோமாரிதாங்க. மாட்டுக்கு மாடு ஒட்டிக்கும். இந்த மாட்ட ஒதுக்கி வெச்சிடுங்க” என்றார் கோகிலவாணி.

கூடியிருந்தவர்கள் பாப்பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் ஒதுக்குவது என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். பாப்பாத்தியின் மாமனார் ஒரு வரப்புத் தகராறில் பஞ்சாயத்தை மீறிப் பேசியதற்காக, முன்பொரு காலத்தில் அந்த வீட்டை ஊர் ஒதுக்கியிருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பாப்பாத்தி இரண்டு மாடுகளைத் தனியே ஓட்டிக்கொண்டு சரிவில் நிற்பாள். அப்போதும் மேய்ப்பவர் அம்மாசிதான். ஊர் சொன்னபடி, வரிசையில் அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

“ஊசி போட வந்தீங்களா, ஊர வுட்டுத் தள்ள வந்தீங்களா?” என்று பாப்பாத்தி கோகிலவாணியைக் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அம்மாசியிடம் திரும்பினாள். “இன்னாண்ணே, பழைய வேலைய மறுபடி ஆரம்பிக்கிறியா? எங்க வூட்டுச் சோறு ஆவும், மாடு ஆவாதா?”

“சோத்துக்குக் கோமாரி வராது தங்கச்சி” என்றார் அம்மாசி. “நீ வெக்கிற கொழம்புக்கு வந்தாலும் வரும்.”

சாலம்மாள் சிரித்தாள். பாப்பாத்தி சிரிக்கவில்லை.

கோகிலவாணிக்கு நடந்தது பாதிதான் புரிந்தது. நிதானமாக விளக்கினார். மற்ற மாடுகளுக்கு ஊசி போட்டிருக்கிறது. வாயிலும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மந்தை சில நாள் ஓடைப் பக்கம் போகக் கூடாது. ஊர்க் குட்டையிலேயே தண்ணீர் குடிக்கட்டும். இந்தப் பசு மந்தையில் சேரவே கூடாது. “நம்ம மாட்டுக்கு நான் வந்து மருந்து போட்டுருவேங்க. காட்டுமாட்டுக்கு வந்துச்சுன்னா யாரு போடறது? நடக்க முடியாம படுத்துக்கினு செத்துப்போயிடும்ங்க.”

அம்மாசி மலைப்பக்கம் பார்த்தார். பிறகு பசுவைப் பார்த்தார். ஊர் என்ன சொல்கிறது என்று இந்த முறை அவர் யாரையும் கேட்கவில்லை. “நாளைக்கு இது வராது” என்று மட்டும் சொன்னார். பாப்பாத்தி பசுவின் கழுத்து மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மந்தை பழக்கத்தில் ஓடைப் பக்கமே இறங்கப் பார்த்தது. அம்மாசி குடையை விரித்துக்கொண்டு முன்னால் ஓடி ஓடி மறித்தார். நண்பகலுக்குள் குடையின் இரண்டு கம்பிகள் வளைந்துவிட்டன. மந்தையைச் சரிவில் படுக்க வைத்துவிட்டுத் தனியே ஓடைக்குப் போனார். உப்புப் பாறையின் மேல் முள் வெட்டிப் போட்டு, அதன்மேல் கல் ஏற்றி வைத்தார். அக்கரை ஈரத்தில் காட்டுமாடுகளின் குளம்புத் தடங்கள் ஆழமாகவும் சீராகவும் பதிந்திருந்தன. இழுத்து நடந்த தடம் ஒன்றும் இல்லை. குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மாலையில் வழக்கமான இடத்தில் நின்று வரிசையைத் தொடங்கினார். சாலம்மா வூடு. டேங்கு பக்கத்து வூடு. கவியரசன் வூடு. அடுத்தது, “பாப்பாத்தி வூடு.”

கோல் அந்தச் சாத்திய கதவை நோக்கி நீண்டிருந்தது. மந்தையிலிருந்து எதுவும் நகரவில்லை. அம்மாசியும் நகரவில்லை. பின்னாலிருந்த மாடுகள் நெருக்கின. ஒரு கன்று கத்தியது.

“மாமா, அந்த மாடுதான் வரலையே” என்றான் தன் வாசலிலிருந்து கவியரசன். “அடுத்த வூட்டக் கூப்புடு. அவங்களும் பால் கறக்கணும்ல?”

“வூட்டத்தான கூப்புட்டேன்” என்றார் அம்மாசி, திரும்பாமல். மறுபடியும் கூப்பிட்டார், முன்னைவிடச் சற்று உரக்க. “பாப்பாத்தி வூடு.”

மாடுகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. தத்தம் வாசலில் தொட்டித் தண்ணீரோடு காத்திருந்த பெண்கள் அந்தக் கதவையே பார்த்தார்கள். அம்மாசி மற்றொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாரே தவிர, கோலை இறக்கவில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னால், பசுவின் கழுத்திலிருந்து கழற்றிய மணியை யாரோ கையில் எடுத்து ஒரேயொரு முறை ஆட்டும் ஓசை கேட்டது.

அம்மாசி கோலை அடுத்த வாசலுக்குத் திருப்பினார்.