நன்றாக விசாரித்து எடுத்த பெண்

அனுப்ரியாவைப் பற்றி யார் கேட்டாலும் அவள் மாமியார் முத்துலட்சுமி முதலில் சொல்வது இதுதான்: "நல்லா விசாரிச்சுத்தான் பொண்ணெடுத்தோம்." விசாரித்தார்கள், இல்லையென்று யார் சொன்னது? ஜாதகம், படிப்பு, சீர், தாய்மாமன் குடித்தனம், பெண்ணின் பல்வரிசை வரைக்கும் விசாரித்தார்கள். தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றவில்லை.

அவள் தலைக்குள் ஒரு கட்டி இருந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி உண்டு. கட்டி அதில். இருபத்திரண்டு வயதில் மாதவிலக்கு நின்றுபோய், தூத்துக்குடியில் டாக்டர் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்தார். புற்று இல்லை, வாரம் இரண்டு மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கும் என்றார். அவள் அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "தலையில கட்டின்னு வெளிய தெரிஞ்சா உன்னை எவன் கட்டுவான்? உன் தங்கச்சியை எவன் கட்டுவான்? மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்படித்தான் அனுப்ரியா மூச்சு விடாமல் தி.நகருக்கு வாழ வந்தாள். மாமனார் வெள்ளைத்துரைக்கு அங்கே ஜவுளிக்கடை. கீழே இரண்டு தளம் கடை, மூன்றாவது மாடி வீடு. வீட்டுக்குத் தனி வாசல் கிடையாது. வெளியே போவதென்றால் கடைக்குள் இறங்கி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முத்துலட்சுமியைத் தாண்டித்தான் போக வேண்டும். "எங்கட்டி கிளம்பிட்ட?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒருத்தி தெருவில் கால் வைக்க முடியாது. மயிலாப்பூர் கோயில் என்று சொல்லிவிட்டு அடையாறு டாக்டரிடம் போவாள். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் சத்து மாத்திரை என்பாள். கணவன் அஸ்வினுக்கும் அதே சத்து மாத்திரைதான்.

அவளுக்குக் கடையில் ஒரு வேலை இருந்தது. கரை பார்ப்பது. மூட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு சேலையையும் விரித்து, இரண்டு பக்கக் கரையிலும் இழை விட்டிருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அலமாரிக்குப் போகும். ஒரே பார்வையில் இரண்டு கரையையும் பிடித்துவிடுவாள். அந்த ஒரு விஷயத்தில் மாமியாரே அவளை மெச்சினாள்.

கர்ப்பம் உறுதியானதும் அடையாறு டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். "பிள்ளை வளரும்போது அந்தச் சுரப்பியும் வீங்கும். தலைவலி தாங்க முடியாம வந்தாலோ, பக்கப் பார்வை மங்கினாலோ ஒரு நாள்கூட காத்திருக்காதீங்க" என்று ஃபைலில் எழுதியும் கொடுத்தார். அந்த ஃபைல் பீரோவின் அடித்தட்டில், முகூர்த்தச் சேலைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு சரி. வயிற்றில் வாரிசு என்று ஆனபின் முத்துலட்சுமி மருமகளைத் தனியாக எங்கும் விடவில்லை. தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் தானே கூட்டிப் போனாள், கேள்விக்கெல்லாம் தானே பதிலும் சொன்னாள். அனுப்ரியாவின் வேலை வாயை மூடிக்கொண்டு நாக்கை நீட்டுவது மட்டும்தான்.

ஏழாம் மாதம் தீபாவளி வியாபாரம் சூடு பிடித்தது. ஒரே வாரத்தில் மூன்று சேலைகள் திரும்பி வந்தன. மூன்றிலும் கரையில் பழுது. "பார்வையை எங்கட்டி வச்சிருக்க?" என்று முத்துலட்சுமி கல்லாவிலிருந்தே கத்தினாள். அனுப்ரியா மாடிக்குப் போய் ஒரு சேலையைக் கை அகலத்துக்கு விரித்துப் பிடித்தாள். சேலையின் நடுப்பகுதி தெரிந்தது. இரண்டு கரையும் இல்லை. தலையைத் திருப்பினால் ஒரு கரை வந்தது, மற்றது போயிற்று. டாக்டர் எச்சரித்தது இதைத்தான். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நாலு நாளை ஓட்டினாள். மடத்தனம்தான். அந்த வீட்டில் நாலு நாள் இருந்து பார்த்தவர்கள் அவளைத் திட்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தலைக்குள் எதுவோ வெடித்தது. சேலைக் குவியல் மேலேயே வாந்தி எடுத்துச் சரிந்தாள். பத்து வருடமாக அங்கே சேலை மடிக்கும் சுலோச்சனாதான் ஓடிவந்து தாங்கினாள்.

"சின்னம்மா, இன்னா பண்ணுது? பக்கத்துலதான் கீறேன், என்னை எங்க தேடிக்கினு கீற?"

"நீ தெரியலக்கா" என்றாள் அனுப்ரியா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

தெருவில் தலைகளாக இருந்தன. ஆட்டோ, ஆம்புலன்ஸ் எதுவும் உள்ளே வர வழியில்லை. மூட்டை இறக்கும் தள்ளுவண்டியில் பழைய போர்வையைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள். அஸ்வின் பின்னால் தள்ள, முத்துலட்சுமி மருமகளின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வர, சுலோச்சனா முன்னால் கூட்டத்தைக் கிழித்தாள். "நவுருபா! புள்ளத்தாச்சி வருது, கண்ணு தெரியல உனக்கு?" கண் தெரியாதவள் வண்டியில் இருந்தாள். நடுவில் ஒரு கீற்றில் மட்டும் முகங்கள் வந்து வந்து மறைந்தன. பிள்ளை அசைகிறதா என்று அவள் வயிற்றில் கை வைத்துத் தேடினாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் ரத்த அழுத்தம் பார்த்தார். மிகவும் குறைவு.

"ரொம்ப வாந்தி எடுத்திருக்காங்க. குளுக்கோஸ் ஏத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இதுக்கு முன்னாடி ஏதாவது வியாதி உண்டா?"

"ஒரு வியாதியும் கிடையாது டாக்டர்" என்றாள் முத்துலட்சுமி. "நல்லா விசாரிச்சுத்தான் பொண்ணெடுத்தோம்."

டாக்டர் எழுதத் தொடங்கினார். அனுப்ரியாவுக்கு அவர் பேனா தெரிந்தது, அதைப் பிடித்த கை தெரியவில்லை. இந்தச் சீட்டோடு வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டோம் என்பதும் தெரிந்தது. பிள்ளையும் வராது.

"அத்தை பொய் சொல்லல டாக்டர். அவங்களுக்குத் தெரியாது" என்றாள். "எனக்குப் பிட்யூட்டரில கட்டி. ஏழு வருஷமா. மாத்திரையை நிறுத்தியிருக்கு. இப்ப ரெண்டு பக்கமும் பார்வை இல்ல."

பேனா நின்றது. அதற்குப் பிறகு யாரும் முத்துலட்சுமியிடம் எதுவும் கேட்கவில்லை. முதலில் ஸ்டீராய்டு ஊசி, பிறகு ஸ்கேன். கட்டிக்குள் ரத்தம் கசிந்து, கண் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் மூக்கு வழியாகவே உள்ளே போய்க் கட்டியை எடுத்தார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு மட்டும் எதுவும் நடக்காதது போல டக்டக்கென்று ஓடியது. ராசாத்தியோ ராசாவோ, நல்லா இருக்கட்டும்!

மூன்றாம் நாள் அஸ்வின் கட்டிலருகே உட்கார்ந்தான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா அத்தான்?"

அவன் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தான்.

முத்துலட்சுமி திட்டவில்லை. அதுதான் அனுப்ரியாவைப் பயமுறுத்தியது. கஞ்சி ஊட்டினாள், தலை வாரிவிட்டாள், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நடந்தது நடந்துபோச்சு. வெளிய மூச்சு விட்டுராத தாயி. நம்ம வீட்டுலயும் கட்டிக்கொடுக்க ஒருத்தி இருக்கா." நாத்தனாரைச் சொல்கிறாள். அம்மா சொன்ன அதே வார்த்தை, அதே மூச்சு.

அன்று மாலை அனுப்ரியாவின் அம்மாவுக்கு அக்கா முறையான ஜெயலக்ஷ்மி பெரியம்மா பார்க்க வந்தாள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் போதும், கோடம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உறவு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

"எங்க பொண்ணுக்கு என்னவாம்?"

"பிரஷருதான் மைனி. வேற ஒண்ணுமில்ல" என்றாள் முத்துலட்சுமி.

தலையணைக்கு அடியில் நர்ஸ் காலையில் கொடுத்த அட்டை இருந்தது. இனி ஸ்டீராய்டு மாத்திரையை ஒரு வேளை விட்டாலும் ஆபத்து, மயங்கி விழுந்தால் முதலில் இந்த ஊசி போடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் இரண்டு முறை சொன்னாள்.

பெரியம்மா மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். மடியில் விரிந்து கிடந்த முந்தானையில், இடப்பக்கக் கரையும் வலப்பக்கக் கரையும் ஒரே பார்வையில் அனுப்ரியாவுக்குத் தெரிந்தன. வலப்பக்கத்தில் ஒரு இழை விட்டிருந்தது.

அவள் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"பிரஷர் இல்ல பெரியம்மா. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைச் சத்தமா வாசிங்க."